பெர்மனென்ட் வேலை கொடுத்த ஜாஸ் மேதை: மெட்ராஸ் வரைக்கும் வந்த டியூக் எலிங்டன் குழுவின் கதை

காட்டுப்பள்ளி, எண்ணூர், திருவொற்றியூர் பக்கம் யாருக்காவது புதுசா வேலை கிடைச்சிருக்குன்னு சொல்லிப் பாருங்கள். சம்பளம் எவ்வளவு என்று கேட்பதற்கு முன்னாடி வரும் கேள்வி, பெர்மனென்டா கான்ட்ராக்டா என்பதுதான். துறைமுகமோ, கப்பல் கட்டும் தளமோ, அனல் மின் நிலையமோ, ஒரே கேட்டுக்குள் நுழையும் இரண்டு பேரின் வாழ்க்கையை அந்த ஒரு வார்த்தை பிரித்துவிடும்.

இசைக்காரர்களுக்கும் இதே கதைதான். கல்யாண ஊர்வலத்துக்கு வாசிக்கிற பேண்டு செட் ஆளாக இருந்தாலும், சினிமா ரெக்கார்டிங்கில் வயலின் வாசிப்பவராக இருந்தாலும், அன்றைக்கு அழைப்பு வந்தால் அன்றைக்குக் காசு. கை நடுங்க ஆரம்பித்துவிட்டால் அழைப்பு நின்றுபோகும். அமெரிக்காவின் ஜாஸ் உலகத்தில் இது இன்னும் கடுமை. இன்று இந்த கிளப், நாளை வேறு கிளப், நாளை மறுநாள் ஒன்றும் இல்லை.

அப்படிப்பட்ட தொழிலில் ஒருவர் சுமார் 15 பேர் கொண்ட குழுவை வருடம் முழுக்கச் சம்பளம் கொடுத்து, கிட்டத்தட்ட 50 வருடம் கலைக்காமல் வைத்திருந்தார். அவர் பெயர் டியூக் எலிங்டன். 1963-ல் அந்தக் குழு மெட்ராசுக்கும் வந்தது. வந்தவர்களில் பல பேருக்கு 50 வயது தாண்டியிருந்தது.

யார் இந்த டியூக்?

முழுப்பெயர் எட்வர்ட் கென்னடி எலிங்டன். 1899 ஏப்ரல் 29 அன்று அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில் ஒரு கறுப்பினக் குடும்பத்தில் பிறந்தார். அப்பா ஒரு வெள்ளைக்கார டாக்டர் வீட்டில் பட்லர். வெள்ளை மாளிகையில் விருந்து நடந்தால் சில சமயம் அங்கேயும் வேலைக்குப் போவார். இந்த வெள்ளை மாளிகை விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வரும்.

அப்பா, அம்மா இரண்டு பேருமே பியானோ வாசிப்பார்கள். பையனுக்கு முதலில் பியானோ சொல்லிக்கொடுத்த டீச்சரின் பெயர் கிளிங்க்ஸ்கேல்ஸ். ‘ஸ்கேல்’ என்பது மேற்கத்திய இசையில் ஸ்வர வரிசை. இசை டீச்சருக்கு இப்படி ஒரு நிஜப் பெயர் அமைவதெல்லாம் கதையில் எழுதினால் யாரும் நம்ப மாட்டார்கள். ஆனால் பையனுக்கு அப்போது பியானோவை விட பேஸ்பால் மேல்தான் ஆசை. மேட்ச் பார்க்க வேண்டும் என்பதற்காகவே மைதானத்தில் வேர்க்கடலை விற்றார்.

எப்போதும் பளிச்சென்று உடுத்தி, பெரிய மனுஷன் தோரணையில் நடந்ததால் நண்பர் ஒருவர் வைத்த பட்டப்பெயர்தான் ‘டியூக்’. நம்ம ஊரில் ‘ஜமீன்’ என்று கிண்டலாகக் கூப்பிடுவோமே, அது மாதிரி. கூல் டிரிங்க்ஸ் கடையில் வேலை பார்த்துக்கொண்டே 15 வயது வாக்கில் முதல் பாட்டை உருவாக்கினார். ஓவியம் நன்றாக வரும். கலைக் கல்லூரியில் உதவித்தொகையோடு இடம் கிடைத்தும் போகவில்லை. பதிலாக விளம்பரப் பலகை எழுதும் தொழிலில் இறங்கினார். டான்ஸ் நிகழ்ச்சிக்கு போஸ்டர் எழுதச் சொல்லி யாராவது வந்தால், வாசிக்க ஆள் பார்த்துவிட்டீர்களா என்று கேட்பாராம். பார்க்கவில்லை என்றால் போஸ்டரும் அவருடையது, இசையும் அவருடையது.

கறுப்பர்கள் வாசிக்கலாம், உட்காரக் கூடாது

1923-ல் நியூயார்க் போனார். சின்னச் சின்ன கிளப்களில் சில வருடம் ஓடியது. 1927 டிசம்பரில் ஹார்லம் பகுதியிலிருந்த ‘காட்டன் கிளப்’பில் வாய்ப்பு கிடைத்தது. அதுதான் திருப்புமுனை. முதலில் அந்த இடம் கிங் ஆலிவர் என்ற பெரிய ஜாஸ் கலைஞருக்குப் போக வேண்டியது. பணம் பத்தாது என்று அவர் மறுத்துவிட்டார்.

காட்டன் கிளப் நடத்தியது ஒரு தாதா கும்பல். மேடையில் ஆடுபவர்கள், பாடுபவர்கள், வாசிப்பவர்கள் எல்லாரும் கறுப்பினத்தவர். கீழே உட்கார்ந்து பார்ப்பவர்கள் வெள்ளையர்கள் மட்டும். ஆனால் அங்கிருந்து வானொலியில் நேரடி ஒலிபரப்பு போனது. உள்ளே நுழைய முடியாத கறுப்பினக் குடும்பங்களும், நியூயார்க்கையே பார்க்காத கிராமத்து ஜனங்களும் வீட்டில் உட்கார்ந்து எலிங்டன் குழுவைக் கேட்டார்கள். 1931 வரைக்கும் அங்கேதான் வாசம். வெளியே வரும்போது நாடு முழுக்கத் தெரிந்த பெயர்.

பெயர் தெரிந்தாலும் தென் மாநிலங்களில் ஹோட்டலில் ரூம் கிடைக்காது, நல்ல சாப்பாட்டுக் கடையில் இடம் கிடைக்காது. இதற்கு எலிங்டன் கண்டுபிடித்த வழி ரயில். 1930-களில் குழுவுக்கென்று தனி பெட்டிகளையே வாடகைக்கு எடுத்தார். படுக்கை, சாப்பாடு எல்லாம் அதற்குள்ளேயே. ஊருக்குப் போய் ஸ்டேஷனில் பெட்டியை நிறுத்தி, கச்சேரி முடித்துத் திரும்பி வந்து தூங்குவார்கள். யாரிடமும் கெஞ்ச வேண்டாம். உரக்கச் சண்டை போடாமல், சுயமரியாதையையும் விடாமல் சமாளிக்கும் இந்தப் பாணி கடைசி வரை அவரிடம் இருந்தது. போதாது என்று அவரைத் திட்டியவர்களும் உண்டு.

‘மூன்றாவது டிராம்போன்’ என்று எழுதமாட்டார்

எலிங்டனுக்கு ஏன் அதே ஆட்கள் வேண்டும்? வேறு ஆள் போட்டு வாசிக்க வைத்தால் என்ன?

பொதுவாக ஆர்கெஸ்ட்ராவுக்கு நோட்ஸ் எழுதும்போது முதல் ட்ரம்பெட், இரண்டாவது சாக்ஸபோன், மூன்றாவது டிராம்போன் என்றுதான் தாளின் மேல் இருக்கும். அந்த நாற்காலியில் யார் உட்கார்ந்தாலும் வாசிக்கலாம். எலிங்டன் அதற்குப் பதிலாக ஆளின் பெயரை எழுதுவார். இந்த ஸ்வரம் ஹாட்ஜஸுக்கு, அந்த ஸ்வரம் கார்னிக்கு என்று. ஒவ்வொருவரின் மூச்சு எவ்வளவு நீளும், யாருக்கு எந்த ஸ்தாயியில் குரல் கனக்கும், யார் எங்கே கொஞ்சம் இழுப்பார் என்பதெல்லாம் தெரிந்து எழுதியது அது. நாதஸ்வரக் கச்சேரியில் குறிப்பிட்ட தவில்காரர் கூட இருந்தால்தான் களைகட்டும் என்று சொல்வார்கள் இல்லையா, கிட்டத்தட்ட அந்தக் கணக்கு. ஆளை மாற்றினால் பாட்டே மாறிவிடும்.

அந்த ஆட்களைக் கொஞ்சம் தெரிந்துகொள்ளலாம்.

ஹாரி கார்னி. 1927-ல் குழுவில் சேரும்போது வயது 17. கத்ரி கோபால்நாத் கையில் நாம் பார்த்த சாக்ஸபோனை விட ரொம்பப் பெரிய, அடிவயிற்றிலிருந்து முழங்கும் பாரிடோன் சாக்ஸபோன் அவருடைய வாத்தியம். பிற்காலத்தில் குழு பஸ்ஸில் போகும், எலிங்டன் மட்டும் கார்னியின் காரில் போவார். கார்னி ஓட்டுவார், எலிங்டன் பக்கத்தில் உட்கார்ந்து வழி சொல்வார், யோசிப்பார், இசை எழுதுவார். இப்படியே பல லட்சம் மைல் ஓடியிருக்கும்.

ஜானி ஹாட்ஜஸ், ஆல்டோ சாக்ஸபோன், 1928-ல் வந்தார். வாசிப்பு தேன். முகம் மட்டும் எப்பவும் கல்லு மாதிரி. லாரன்ஸ் பிரவுன், டிராம்போன், 1932-ல் சேர்ந்தவர். கூட்டி வில்லியம்ஸ், ட்ரம்பெட், 1929-ல் வந்தார். 1940-ல் பென்னி குட்மேன் குழுவுக்குப் போனார். அந்தப் பிரிவு எவ்வளவு பெரிய செய்தி என்றால், கூட்டி டியூக்கை விட்டுப் போனதைப் பற்றியே இன்னொரு இசைக்குழுத் தலைவர் ஒரு பாட்டு போட்டார். 22 வருடம் கழித்து, 1962-ல், கூட்டி திரும்ப வந்து பழைய குழுவில் உட்கார்ந்தார்.

பால் கொன்சால்வெஸ், டெனர் சாக்ஸபோன், 1950-ல் சேர்ந்தார். மேற்கு ஆப்பிரிக்கக் கரையிலுள்ள கேப் வெர்டே தீவுகளிலிருந்து வந்த குடும்பம். நம்ம கடற்கரை ஊர்களில் பெர்னாண்டோ, கோமஸ் என்று கேட்கிறோமே, அதே போர்த்துகீசியக் கப்பல் விட்டுப்போன பெயர்.

பில்லி ஸ்ட்ரேஹார்ன் கணக்கு தனி. 1938-ல் எலிங்டனைச் சந்தித்த இளைஞர். நியூயார்க்கில் தன் வீட்டுக்கு எப்படி வர வேண்டும் என்று எலிங்டன் சொன்ன ரயில் வழியையே பாட்டாக்கினார். ‘டேக் தி ஏ ட்ரெயின்’. 1941-ல் இசையமைப்பாளர் சங்கத்துக்கும் வானொலி நிலையங்களுக்கும் தகராறு வந்து எலிங்டனின் சொந்தப் பாட்டுகளை ஒலிபரப்ப முடியாமல் போனபோது, ஸ்ட்ரேஹார்ன் எழுதியவைதான் குழுவைக் காப்பாற்றின. அந்த ரயில் பாட்டு கடைசி வரை குழுவின் அடையாளப் பாட்டாகவே ஆகிவிட்டது. அடுத்த 25 வருடத்தில் எது எலிங்டன் எழுதியது, எது ஸ்ட்ரேஹார்ன் எழுதியது என்று பிரிக்க முடியாத அளவுக்கு இரண்டு பேரும் கலந்துவிட்டார்கள்.

சம்பளம் எங்கிருந்து வந்தது?

இங்கேதான் கதை கொஞ்சம் சிக்கலாகிறது.

1940-களின் நடுவில் பெரிய ஜாஸ் குழுக்களின் காலம் முடிந்தது. போர்க்காலத்தில் டான்ஸ் நடக்கும் இடங்களுக்கு அரசு கனமான வரி போட்டது. இசைக்கலைஞர் சங்கத்தின் வேலைநிறுத்தத்தால் 1942-ல் தொடங்கி இரண்டு வருடத்துக்கு மேல் ரெக்கார்டிங் முடங்கியது. ரசிகர்கள் குழுவை விட்டுப் பாடகர்கள் பக்கம் சாய்ந்தார்கள். பிறகு டிவி வந்தது. 1946 கடைசியில் பெயர்பெற்ற பல குழுக்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கலைந்தன. கவுன்ட் பேஸி மாதிரி ஆளே 1950-ல் பெரிய குழுவை விட்டுவிட்டு ஏழெட்டுப் பேரோடு ஓட்ட வேண்டியதாயிற்று.

எலிங்டன் கலைக்கவில்லை. கச்சேரி வருமானம் போதாதபோது தன் பாட்டுகளுக்கு வரும் ராயல்டியைக் கொண்டுவந்து சம்பளத்தில் போட்டார். காரணம் தர்மம் மட்டும் கிடையாது. இன்றைக்கு எழுதியதை நாளைக்கே வாசித்துக் கேட்க வேண்டும் என்பது அவருடைய பெரிய ஆசை. அதற்கு அந்த ஆட்கள் கையருகே இருக்க வேண்டும். சிம்பொனி எழுதுபவர்கள் அதை யாராவது வாசிக்க மாட்டார்களா என்று வருடக்கணக்கில் காத்திருப்பார்கள். எலிங்டன் காத்திருக்க மாட்டார், அதற்கு விலை கொடுத்தார்.

சரி, அந்த ராயல்டி யாருடைய உழைப்பு? குழுவில் யாராவது சும்மா ஊதிப் பார்க்கும் சின்ன மெட்டு எலிங்டன் காதில் விழும். அதை எடுத்து வளர்த்து முழுப் பாட்டாக்குவார். பாட்டு ஹிட்டாகும். பெயர் பெரும்பாலும் எலிங்டன் பெயர். ‘மூட் இண்டிகோ’, ‘சோஃபிஸ்டிகேட்டட் லேடி’ மாதிரி உலகப் புகழ் பெற்ற பாட்டுகளிலேயே குழு உறுப்பினர்களின் பங்கு இருந்தது. சில பேருக்கு எழுத்தில் பெயர் கிடைத்தது, சில பேருக்குச் சில்லறை டாலரோடு சரி. இது லாரன்ஸ் பிரவுன் மனதில் ஆறாத புண். ஹாட்ஜஸ் வாயைத் திறந்து சொல்ல மாட்டார். மேடையில் அந்த மாதிரிப் பாட்டு வரும்போது எலிங்டனைப் பார்த்து நோட்டு எண்ணுவது போல விரலைத் தேய்த்துக் காட்டுவார்.

பாதியில் விட்ட மெட்டைப் பாட்டாக்கியவர் எலிங்டன் என்பது நிஜம். மெட்டு பிறந்தது இன்னொருவர் வாத்தியத்தில் என்பதும் நிஜம். அவர்கள் கண்டுபிடித்ததில் வந்த காசுதான் சுற்றிச் சுற்றி அவர்களுக்கே மாதச் சம்பளமாகப் போனது என்று ஒரு கணக்கு சொல்லலாம். கிரெடிட்டுக்கு அது ஈடாகுமா என்றால், ஹாட்ஜஸ் விரலைத் தேய்த்ததே பதில்.

1951-ல் அந்தக் கோபம் வெடித்தது. ஹாட்ஜஸ், பிரவுன், ஆரம்ப காலத்திலிருந்து கூடவே இருந்த டிரம்மர் சோனி கிரீர், மூன்று பேரும் ஒரே நேரத்தில் கிளம்பிவிட்டார்கள். எலிங்டன் கதை முடிந்தது என்றே பலர் எழுதினார்கள். ஹாட்ஜஸ் தனிக்குழு நடத்திப் பார்த்து 1955-ல் திரும்பினார். பிரவுன் 1960-ல் திரும்பினார். கதவு திறந்தே இருந்தது.

ஆளை வேலையை விட்டு அனுப்புவது எலிங்டனுக்குச் சுத்தமாக ஆகாது. லேட்டாக வருவார்கள், குடித்துவிட்டு மேடையிலேயே தூங்குவார்கள், ஒருவரோடு ஒருவர் பேசாமல் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பார்கள். போதைப் பழக்கத்தில் சிக்கியவர்களும் இருந்தார்கள். கொன்சால்வெஸ் நிலை தடுமாறி வந்தால் எலிங்டன் திட்ட மாட்டார், அவரையே முன்னால் வரச் சொல்லி நீளமாக வாசிக்க விடுவார். அதுதான் தண்டனை. விதிவிலக்காக அவர் நேரடியாக வெளியே அனுப்பிய ஒருவர் சார்லஸ் மிங்கஸ். 1953-ல் கொஞ்ச நாள் குழுவில் இருந்தவர், சக கலைஞரோடு அடிதடி. அந்த மிங்கஸ் பிறகு தானே மேதையாகி, 1962-ல் எலிங்டனோடு சேர்ந்து ஒரு ஆல்பம் வாசித்தார் என்பது தனிக் கதை.

ஒரு ராத்திரியில் திரும்பிய காலம்

1955 கோடையில் குழுவின் நிலைமை ரொம்ப இறங்கியிருந்தது. நியூயார்க்கில் நடந்த ஒரு நீச்சல் காட்சிக்குப் பின்னணி வாசித்தார்கள். காட்டன் கிளப் நாயகனுக்குத் தண்ணீர் சர்க்கஸ்.

அடுத்த வருடம் 1956 ஜூலை 7. நியூபோர்ட் ஜாஸ் விழா. மாலையில் குழு மேடை ஏறியபோது வழக்கம்போலச் சிலரைக் காணவில்லை. சும்மா இரண்டு மூன்று பாட்டு வாசித்துவிட்டு இறங்க வேண்டியதாயிற்று. மறுபடி வாய்ப்பு வந்தபோது நள்ளிரவை நெருங்கிவிட்டது, கூட்டம் கிளம்ப ஆரம்பித்திருந்தது. எலிங்டன் 1937-ல் எழுதிய பழைய பாட்டு ஒன்றை எடுத்தார். நடுவில் கொன்சால்வெஸை ஊதச் சொன்னார்.

கொன்சால்வெஸ் ஊத ஆரம்பித்தார், நிறுத்தவில்லை. நம்ம கச்சேரி பாஷையில் 27 ஆவர்த்தனம் என்று வைத்துக்கொள்ளலாம். முன்வரிசையில் ஒரு பெண் எழுந்து ஆட ஆரம்பித்தார். வெளியே போனவர்கள் திரும்ப ஓடி வந்தார்கள். நாற்காலி மேல் ஏறி நின்றார்கள். கலவரம் ஆகிவிடுமோ என்று அமைப்பாளர்கள் பயந்து நிறுத்தச் சொல்லி சைகை காட்டினார்கள். அடுத்த மாதம் ‘டைம்’ இதழின் அட்டையில் எலிங்டன் படம். அந்தக் கச்சேரி ஆல்பம்தான் அவர் வாழ்க்கையிலேயே அதிகம் விற்றது.

இதில் ஒரு வேடிக்கை. அந்த ராத்திரி கொன்சால்வெஸ் ஊதியது தவறான மைக்கில். ரெக்கார்ட் கம்பெனி மைக்கில் சத்தம் தூரமாகத்தான் பதிவானது. பக்கத்திலிருந்த வானொலி மைக்கில் தெளிவாக விழுந்த ஒலி பல வருடம் கழித்துக் கிடைத்து, இரண்டையும் சேர்த்து 1999-ல் புதிதாக வெளியிட்டார்கள்.

1963: மெட்ராஸ் வந்த குழு

அமெரிக்க வெளியுறவுத்துறை 1956-லிருந்தே ஜாஸ் கலைஞர்களைத் தூதர்கள் மாதிரி வெளிநாடுகளுக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. ரஷ்யாவோடு பனிப்போர் நடந்த காலம். எங்கள் நாட்டில் கறுப்பினத்தவர் எவ்வளவு உயரத்தில் இருக்கிறார்கள் பாருங்கள் என்று உலகத்துக்குக் காட்டுவது நோக்கம். 1958-ல் டேவ் புரூபெக் குழு இப்படித்தான் இந்தியா வந்தது. மெட்ராஸில் மிருதங்க மேதை பழனி சுப்பிரமணிய பிள்ளையோடு சேர்ந்து வாசித்தும் பார்த்தார்கள்.

எலிங்டன் முறை 1963 செப்டம்பரில் வந்தது. டமாஸ்கஸில் ஆரம்பித்து அம்மான், காபூல், டெல்லி, ஐதராபாத், மெட்ராஸ், பம்பாய், கல்கத்தா, கொழும்பு, டெஹ்ரான், பாக்தாத் என்று நீளமான பயணம்.

அந்த வருடம் அமெரிக்காவில் என்ன நடந்தது என்பதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஆகஸ்ட் 28, வாஷிங்டனில் மார்ட்டின் லூதர் கிங் உள்ளிட்டோர் தலைமையில் லட்சக்கணக்கானோர் திரண்ட பேரணி. செப்டம்பர் 15, அலபாமா மாநிலம் பர்மிங்ஹாமில் கறுப்பினத்தவர் தேவாலயத்தில் குண்டு வெடித்து 4 சிறுமிகள் பலி. குழு அப்போது மத்தியக் கிழக்கில், அமெரிக்க அரசின் செலவில், அமெரிக்காவின் பெருமையை வாசித்துக்கொண்டிருந்தது. போகும் ஊரிலெல்லாம் நிருபர்கள் இதைக் கேட்காமல் விடவில்லை. பிரச்சினை இருக்கிறது என்பதை எலிங்டன் மறைக்கவில்லை. நாட்டை விட்டுக்கொடுக்கவும் இல்லை. சில வாரம் முன்னால் சிகாகோவில் தன் இன மக்களின் வரலாற்றை வைத்து ஒரு மேடை நிகழ்ச்சியே நடத்தி, அதில் பர்மிங்ஹாம் போராட்டத்துக்கு ஒரு பாட்டும் போட்டிருந்தார். தான் சொல்ல வேண்டியதை இசையில் சொல்லியாகிவிட்டது என்பது அவர் நிலை. தெருவில் இறங்கியவர்களுக்கு அது போதவில்லை.

டெல்லியில் எலிங்டன் உடம்பு சரியில்லாமல் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார். அடுத்த ஊர்களில் கச்சேரி ஏற்பாடாகிவிட்டது. என்ன செய்தார்கள்? ஸ்ட்ரேஹார்ன் பியானோவில் உட்கார்ந்தார், குழு கிளம்பிப் போய் வாசித்தது. தலைவன் படுக்கையில் கிடக்க, ஆர்கெஸ்ட்ரா தன்பாட்டில் நடந்தது. கார்னி 36 வருடம் அதே நாற்காலியில் உட்கார்ந்தவர், ஹாட்ஜஸுக்கு 56 வயது, பிரவுனுக்கும் 56, கூட்டிக்கு 52. எந்த இடத்தில் எப்படி வரும் என்று யாரும் கை காட்ட வேண்டியதில்லை. மாதாமாதம் கொடுத்த சம்பளத்துக்கு என்ன கிடைத்தது என்று எலிங்டனைக் கேட்டிருந்தால் இந்தச் சில நாட்களைக் காட்டியிருக்கலாம்.

மெட்ராஸ் ரசிகர்களுக்கு இதில் ஒன்றும் புதிதாக இருந்திருக்காது என்று தோன்றுகிறது. 60 வயது வித்வானும் 55 வயது பக்கவாத்தியமும் ஒருவரை ஒருவர் பார்க்காமலேயே கோர்வை முடிப்பதை மார்கழிதோறும் பார்க்கும் ஊர் இது.

நவம்பர் 22, குழு துருக்கியில் இருந்தபோது அதிபர் கென்னடி சுட்டுக்கொல்லப்பட்டார். பயணம் அத்தோடு ரத்து.

அந்தப் பயணம் இசையாக வந்தது 1966 டிசம்பரில் பதிவான ‘ஃபார் ஈஸ்ட் ஸ்வீட்’ தொகுப்பில். டெல்லியில் ஹோட்டல் அறைக்கு வெளியே கூவிய ஒரு மைனா அதில் கிளாரினெட்டாக வருகிறது. ஆக்ராவுக்கு ஒரு பாட்டு, அதில் கார்னியின் பெரிய சாக்ஸபோன் தாஜ்மகாலாக நிற்கிறது. ‘இஸ்ஃபஹான்’ என்ற பாட்டில் ஹாட்ஜஸ் உருகியிருப்பார். அது பயணத்துக்கு முன்பே ஸ்ட்ரேஹார்ன் வேறு பெயரில் எழுதி வைத்திருந்த மெட்டு என்பது விஷயம் தெரிந்தவர்களுக்கு மட்டும் தெரியும். மெட்ராஸ் பெயரில் ஒன்றும் இல்லை. நமக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

விருதும் வெள்ளை மாளிகையும்

1965-ல் புலிட்சர் இசை விருதுக் குழு எலிங்டனுக்குச் சிறப்பு விருது தரலாம் என்று பரிந்துரைத்தது. மேலிடம் மறுத்துவிட்டது. தேர்வுக்குழுவில் 2 பேர் ராஜினாமா செய்தார்கள். கடைசியில் அந்த விருது வந்தது 1999-ல், அவர் இறந்து 25 வருடம் கழித்து.

1969 ஏப்ரல் 29, அவருடைய 70-வது பிறந்தநாள். அதிபர் நிக்சன் வெள்ளை மாளிகையில் விருந்து வைத்து நாட்டின் உயரிய சிவிலியன் விருதை அணிவித்தார். அப்பா பரிமாறிய அதே மாளிகை.

நாற்காலிகள் காலியான வருடங்கள்

ஸ்ட்ரேஹார்ன் 1967 மே மாதம் புற்றுநோயில் போனார். ஆஸ்பத்திரியில் இருந்தபடியே ஒரு பாட்டு எழுதி அனுப்பியிருந்தார். ஹாட்ஜஸ்தான் அதை வாசித்தார். சில மாதத்தில் ஸ்ட்ரேஹார்ன் நினைவாக ஒரு ஆல்பம் பதிவானது. துக்கத்தை வாத்தியத்தில் கேட்க வேண்டுமென்றால் அதைக் கேட்கலாம்.

1970 மே மாதம் ஹாட்ஜஸ் பல் டாக்டரைப் பார்க்கப் போன இடத்தில் இறந்தார். எலிங்டன் அந்த நாற்காலிக்கு வேறு ஆள் போட்டார். அந்தச் சத்தத்துக்கு வேறு ஆள் இல்லை.

எலிங்டனுக்கே நுரையீரல் புற்றுநோய் இருந்தது. முடிந்த வரைக்கும் மேடை ஏறினார். 1974-ல் ஆஸ்பத்திரியில் சேர்ந்தபோதும் படுக்கை பக்கத்தில் எலக்ட்ரிக் பியானோ இருந்தது.

மே 15 அன்று லண்டனில் கொன்சால்வெஸ் இறந்தார், வயது 53. படுத்திருந்த எலிங்டனிடம் மகன் மெர்சர் அதைச் சொல்லவே இல்லை. மே 24 அன்று எலிங்டனும் இறந்தார், வயது 75. நியூயார்க்கில் ஒரே இடத்தில்தான் இரண்டு உடல்களும் வைக்கப்பட்டிருந்தன. இறுதிச் சடங்குக்கு சுமார் 12,000 பேர் வந்தார்கள்.

குழுவின் பொறுப்பை மெர்சர் எடுத்துக்கொண்டார். பெர்முடாவில் ஏற்கெனவே ஒத்துக்கொண்ட கச்சேரி ஒன்று இருந்தது. அடக்கம் முடிந்த கையோடு குழுவைக் கூட்டிக்கொண்டு விமானம் ஏறினார்.

47 வருடம் அந்தக் குழுவைத் தவிர வேறு வேலை பார்க்காத ஹாரி கார்னி, அக்டோபர் 8 அன்று இறந்தார். எலிங்டன் போய் நாலரை மாதம்தான் ஆகியிருந்தது.